தராசில் ஏறாத காய்கள்: எங்கள் சந்தைக் கமிட்டிக்கும் மண்டிக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவர் அவர்களுக்கும், மண்டி நடத்தும் அண்ணன்மாருக்கும், ராவுத்தர் ஐயாமாருக்கும், வார்டு மெம்பர்களுக்கும் வணக்கம்.

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நம் காய்கறிச் சந்தையின் பின்வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறது. கழிவுக் குவியலில் யாரும் காய் எடுக்கக் கூடாது, மீறினால் போலீஸ். பலகை வந்த அதே வாரம் இன்னொன்றும் வந்தது. சாயங்காலம் டிராக்டர் வருவதற்கு முன்னால் குவியல்மேல் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். ஈ மொய்க்காமல் இருக்க என்று காவல்கார அண்ணன் சொல்கிறார். ஈ சந்தை முழுக்கத்தான் இருக்கிறது. பவுடர் மட்டும் நாங்கள் குனிகிற மூலையில் விழுகிறது.

சரி, அதைக் குற்றமாக நீட்டிக்கொண்டு போக எனக்கு நேரமில்லை. எங்கள் அயல்கூட்டத்துப் பெண்கள், அதாவது குடும்பஸ்ரீ மகளிர் சுயஉதவிக் குழுக்காரர்கள், உட்கார்ந்து பேசி ஒரு கோரிக்கையை முடிவு செய்தார்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் என்பதால் பேனா என் கைக்கு வந்தது. கோரிக்கை இதுதான். ஏலம் முடிந்து, கடைகளைக் கூட்டித் தள்ளத் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் கொடுங்கள். விலை போகாமல் நின்ற காயைத் தரையில் கொட்டாமல், பெட்டியோடு, சாக்கோடு, மேற்கு ஓரத்தில் சும்மா கிடக்கும் தகரக் கொட்டகையில் இறக்கி வையுங்கள். தரம் பிரிப்பது, கழுவுவது, பங்கு போடுவது, மிச்சத்தை மாட்டுக்கும் உரத்துக்கும் அனுப்புவது, கடைசியில் கொட்டகையைக் கழுவி விடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு.

கேட்பது இவ்வளவுதான். போன தடவை வாயால் கேட்டபோது, "இன்னைக்கு நீங்க வருவீங்க, நாளைக்கு ஊரே வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தடவை எழுத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி.

ஊரே வருமா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வரத்தான் செய்யும். ஏன் வருகிறது என்று பாருங்கள். 2025-26ஆம் ஆண்டில் தொழிலுறுதி வேலைக்குக் கேரளத்தில் நாள்கூலி 369 ரூபாய். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், நூறு நாள் வேலை என்று அவர்கள் சொல்வதற்கு, 336 ரூபாய். அதே 2025இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. வெயிலில் ஒரு நாள் முழுக்க வரப்பு வெட்டினாலும் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்க முடியாத நிலை. அந்த வருஷம் பல மாதங்கள் தொடர்ந்து சில்லறை விலை உயர்வில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது கேரளம். ஆகஸ்டில் 9 சதவீதம். படிப்பில் முதலிடம், சுகாதாரத்தில் முதலிடம் என்று மேடையில் சொல்லுகிற வரிசையில் இதையும் யாராவது சேர்த்துச் சொல்வார்களா என்று காத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை.

அரிசிக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஏழை வீடுகளுக்கான மஞ்சள் ரேஷன் கார்டோ பிங்க் கார்டோ இருக்கிற வீட்டில் அரிசி இருக்கிறது. ஆனால் ரேஷன் கடையில் கத்திரிக்காய் போடுவதில்லை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும் என்று இருக்கிறது. நான்கு பேர் இருக்கிற வீட்டுக்குக் காய் மட்டும் 1.6 கிலோ. கிலோ 50 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் தினம் 80 ரூபாய், மாதம் 2,400. அங்கன்வாடியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒருத்தி சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தோம். கையில் காசு குறைந்தால் வீட்டுச் செலவில் முதலில் வெட்டு விழுவது காயில்தான். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீட்டில்கூட, பிள்ளைகளுக்கு ரசமும் சோறும் ஊறுகாயும். வயிறு நிறைந்துவிடும், அதனால் யாருக்கும் தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் ரத்தம் சோதிக்கும்போதுதான் தெரியும்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் வேண்டுமென்றே காயைக் கொட்டுகிறீர்கள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் பாதிப் பேர் உங்களிடம் சுமை தூக்குகிறவர்கள். காய் ஏன் நிற்கிறது என்று எங்களுக்கும் தெரியும்.

கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து வண்டி வருகிறது. இங்கே ஏலம் எடுத்தவர் திருச்சூருக்கோ எர்ணாகுளத்துக்கோ ஏற்ற வேண்டும். இரவெல்லாம் லாரியில் குலுங்கி, காலையில் கடையில் அடுக்கி, அதற்கப்புறம் இரண்டு நாள் நிற்கிற காய்தான் அவருக்கு வேண்டும். அதனால் அவர் செங்காயாகப் பார்த்து எடுக்கிறார். நன்றாகப் பழுத்த தக்காளியை ஒதுக்குகிறார். மேல்பெட்டியின் பாரத்தில் தோல் கீறியதை ஒதுக்குகிறார். ஒடிந்த முருங்கை, உடைந்த கேரட், வாடிய பீன்ஸ், வெளியிலை கிழிந்த முட்டைக்கோஸ், மழைத்தண்ணீர் பட்ட கொத்தமல்லி, சிவந்துவிட்ட பச்சைமிளகாய், இதெல்லாம் தராசில் ஏறுவதே இல்லை. அவருடைய கணக்கு சரியான கணக்கு. ஆனால் அது பயணம் போகிற காய்க்கான கணக்கு. நாளைக்கு எர்ணாகுளம் போய்ச் சேராத தக்காளி, இன்றைக்கு எங்கள் அடுப்புவரை தாராளமாக வந்து சேரும். சொல்லப் போனால் குழம்புக்கு அந்தப் பழுத்த தக்காளிதான் நல்லது. செங்காயைப் போட்டுக் குழம்பு வைத்தால் புளிப்பும் வராது, நிறமும் வராது.

விலை சரிந்த நாளில் கதையே வேறு. 2023 ஜூலையை யாரும் மறந்திருக்க முடியாது. தக்காளி கிலோ 150, சில ஊரில் 200. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்துக் கடைகளில் தக்காளியை எண்ணி வாங்கினோம். ஆடியில் அப்படி. புரட்டாசி பிறப்பதற்குள் விலை தலைகீழாக விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் செடியிலேயே விட்டார்கள், ரோட்டோரம் கொட்டினார்கள். அந்த மாதிரி நாளில் கொண்டு வந்த பெட்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக வண்டி வாடகை கட்டாது. "நீங்களே பாத்துக்கங்க" என்று மண்டியில் விட்டுவிட்டு அவர் போய்விடுகிறார். அன்றைக்குக் குவியலில் விழுவது கழிசல் இல்லை, முதல் தரம். லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டது. தோட்டத்தில் பறிப்பதிலிருந்து சில்லறைக் கடைவரைக்கும் தக்காளியில் 12 சதவீதத்துக்கு மேல் வீணாகிறது, கொய்யாவில் கிட்டத்தட்ட 16. தக்காளியில் எட்டு பெட்டிக்கு ஒரு பெட்டி. பறிகூலி, உரம், தண்ணீர், டீசல் எல்லாம் கொடுத்து வளர்த்து, இங்கே கொண்டு வந்து கொட்டுகிறோம். மழைநிழலில் கிடக்கிற இந்தச் சித்தூர் தாலுகாக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் வரவில்லை என்று எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம், நீங்களும்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் சொன்ன கணக்குப்படி, உலகத்தில் 2022இல் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். ஆக, சந்தையை மட்டும் பழி சொல்வதற்கில்லை. கல்யாண மண்டபத்து இலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் பயங்களில் பெரியது, யாராவது தின்று நோய்ப்பட்டால் பழி சந்தைமேல் வரும் என்பது. அது பொய்ப் பயம் இல்லை. ஆனால் இப்போது நடப்பதைப் பாருங்கள். பலகை வைத்ததால் ஆள் வருவது நிற்கவில்லை, நேரம்தான் மாறியிருக்கிறது. முன்பு வெளிச்சத்தில் வந்தவர்கள் இப்போது இருட்டின பிறகு, முக்காடு போட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சில் தேடுகிறார்கள். பவுடர் எங்கே விழுந்தது, எது அழுகல், எதன்மேல் நாய் படுத்தது, ஒன்றும் தெரியாது. இரவு எடுத்துக்கொண்டு போன காயில் யாருக்காவது வயிறு கெட்டால், பலகை வைத்திருந்தோம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? ஊர் அப்படியா பேசும்?

காய் கெட்டுப் போவது பெரும்பாலும் பெட்டியில் இல்லை, தரையில்தான். சாக்கடைத் தண்ணீர், மீன்கடையிலிருந்து வழிகிற தண்ணீர், மாட்டுச் சாணி, சக்கரம் ஏறின சேறு எல்லாம் அங்கே. பெட்டியில் இருக்கிறவரை அது உணவு. கொட்டின நிமிஷத்திலிருந்து அதைக் கையில் எடுக்க எங்களுக்கே மனசு வராது, அப்புறமும் எடுக்கிறோம். அதனால்தான் கொட்டுவதற்கு முன் என்று அழுத்திக் கேட்கிறோம்.

எது எடுக்கலாம், எது கூடாது என்பதில் எங்களுக்குத் தெளிவு உண்டு. தோல் கீறின தக்காளி, ஈரம் கசியாமல் புளித்த வாடை இல்லாமல் இருந்தால் அன்றைக்கே அடுப்பேற வேண்டும். பூஞ்சை பிடித்த தக்காளியைப் பாதி வெட்டி மீதியை எடுக்கிற வேலை கிடையாது, முழுசாக உரக்குழிக்கு. சதை இளகின காயில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கும். கேரட், முட்டைக்கோஸ் மாதிரி கெட்டியான காயில் பூஞ்சை ஒரு ஓரமாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். கத்திரிக்காயில் புழு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நம் அம்மாக்கள் எல்லோரும் அரிந்து பார்த்துத்தான் போட்டார்கள். சின்ன வெங்காயம் முளைவிட்டால் அப்படியே தாளிக்கலாம். உருளைக்கிழங்கு பச்சை பூத்தால் மட்டும் தொடக் கூடாது. அதில் சோலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் போகாது. பச்சையாகத் தின்கிற கீரை, மல்லி, புதினா இவற்றைத் தரையிலிருந்து ஒரு தண்டுகூட எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பூஞ்சை கண்ட தேங்காயும் நிலக்கடலையும் மாட்டுக்குக்கூட வேண்டாம். மருந்தடித்த காய் என்ற பேச்சு எப்போதும் உண்டு. அதற்கு வெள்ளாயணி வேளாண் கல்லூரிக்காரர்கள் சொல்லிக் கொடுத்த புளிக்கரைசல் முறை இருக்கிறது. காயைக் கொஞ்ச நேரம் அதில் ஊறவைத்துவிட்டு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவர்களும் செய்ய வேண்டியதுதான் அது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள் என்றால், மிச்ச உணவை எடுத்துக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனியாக விதிகள் கொண்டு வந்தது. 2020 ஜூலை முதல் அவை நடப்பில் இருக்கின்றன. பதிவு செய்த அமைப்பு, எங்கிருந்து, எப்போது, என்ன, எவ்வளவு வாங்கியது, யாருக்குக் கொடுத்தது என்று பதிவேடு வைக்க வேண்டும். பதிவேடு வைப்பது குடும்பஸ்ரீப் பெண்களுக்குப் புதிதில்லை, சேமிப்புக் கணக்கிலும் கடன் கணக்கிலும் ஒரு ரூபாய் தப்பினால் எங்களுக்குத் தூக்கம் வராது. பதிவுக்கு நாங்கள் விண்ணப்பிக்கிறோம். அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர்மேல் வழக்கு வராமல் பாதுகாக்க 1996லேயே ஒரு சட்டம் செய்துவிட்டார்கள். இங்கேயும் அந்த அளவுக்குச் சட்டம் உங்களைக் காக்கும் என்று நான் கதை விடப் போவதில்லை. அதனால் சமைத்த பண்டம் எதுவும் வாங்க மாட்டோம், வெட்டிய பழம் வாங்க மாட்டோம், பச்சைக் காய்கறி மட்டும். தரம் பார்த்து எடுத்தது நாங்கள் என்று தினமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

இன்னொரு பயம், வாங்கிக்கொண்டு போய் ரோட்டோரம் விற்றுவிடுவார்கள், சந்தை விலை கெட்டுப் போகும் என்பது. ஒரு காலத்தில் ஓரிருவர் அப்படிச் செய்தார்கள், எல்லோருக்கும் தெரியும். திருட்டுப் பயமும் உண்டு. குவியலில் எடுக்கிற சாக்கில் நல்ல பெட்டியில் கை வைக்கிறார்கள் என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். யார் வருகிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதற்கு இப்போது எந்தக் கணக்கும் இல்லை. கொட்டகை ஒன்று, வாசல் ஒன்று, ஆளுக்கு ஒரு அட்டை, வீட்டில் எத்தனை பேரோ அதற்கேற்ற பங்கு என்று வந்துவிட்டால் விற்கிற அளவுக்கு யார் கையிலும் மிஞ்சாது. விலை கெடும் என்பதைப் பற்றி ஒரு சொல். பலகைக்குப் பின்னால் நிற்கிற பெண் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. இந்தக் காய் கிடைக்காவிட்டால் அவள் முன்வாசல் வழியாக வந்து கிலோ 60க்கு வாங்கப் போவதில்லை. காயே இல்லாமல் சோறு பொங்கப் போகிறாள், அவ்வளவுதான். ஒரு நாள் கையில் காசு புரளும்போது அவள் எந்தச் சந்தைக்கு வருவாள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மாட்டுக்காரர்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. கேரளத்திலேயே பால் அதிகம் கறக்கிற பகுதிகளில் நம் சித்தூர்ப் பக்கமும் ஒன்று. கோஸ் இலை, காலிஃபிளவர் தண்டு, சோளத் தோகை எல்லாம் பல வருஷமாகக் குவியலிலிருந்து தொழுவத்துக்குப் போகிறது. தீவனம் விற்கிற விலைக்கு அது இல்லாவிட்டால் பலர் மாட்டை விற்றுவிடுவார்கள். எங்களிலும் மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பங்கில் நாங்கள் கை வைக்க மாட்டோம். மனிதர் தின்னக் கூடியது முதலில், அப்புறம் மாடு, அதற்கும் ஆகாதது உரக்குழி. பிரித்துக் கொடுத்தால் மாட்டுக்காரருக்கும் லாபம்தான். இப்போது பவுடர் தூவின இலையைத்தான் மாடு தின்கிறது, அந்தப் பாலைத்தான் நாமெல்லாம் டீயில் ஊற்றிக் குடிக்கிறோம். இதை யாராவது யோசித்தீர்களா?

ஃபிரான்ஸில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், விற்காத உணவைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். தின்னக் கூடிய நிலையில் இருக்கிற பண்டத்தை வேண்டுமென்று கெடுத்து எறிவதும் அந்தச் சட்டப்படி குற்றம். அங்கேயும் சில கடைக்காரர்கள் குப்பைத் தொட்டியில் பிளீச் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்தான், அதனால்தான் சட்டத்தில் அதைத் தனியாக எழுத வேண்டி வந்தது. மனிதப் புத்தி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போகிறது போல.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், கோழிக்கோட்டில் 2015இல் மாவட்ட நிர்வாகமும் ஹோட்டல்காரர்கள் சங்கமும் சேர்ந்து 'ஆபரேஷன் சுலைமானி' என்று ஒன்றை நடத்தினார்கள். பசிக்கிறவர் ஒரு கூப்பனை வாங்கிக்கொண்டு, அதில் சேர்ந்த எந்த ஹோட்டலிலும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். நீ யார், எவ்வளவு ஏழை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த வருஷம் கொச்சி கலூரில் ஓர் உணவகத்தின் வாசலில் 'நன்ம மரம்' என்று பெயர் எழுதி ஒரு ஃபிரிட்ஜை வைத்தார்கள். மிஞ்சினதை யாரும் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். 2017இல் சென்னை பெசன்ட் நகரில் 'ஐயமிட்டு உண்' என்று அதே போல் ஒன்று. இதில் எனக்குப் பிடித்தது கோழிக்கோட்டுக் காரியம்தான். ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிற்கும்போது கூச்சம் இருக்கும், ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்கள். கூப்பன் வைத்திருக்கிறவர் மேசையில் உட்காருகிறார். அட்டை என்று நாங்கள் சொல்வதும் அதற்குத்தான். முகத்தை மூடிக்கொண்டு வர வேண்டாம்.

குப்பைச் செலவையும் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். டிராக்டர் வாடகை, டீசல், ஆள்கூலி, கொட்டுகிற இடத்துக்குக் காசு, மழைக்காலத்தில் நாற்றம் தாங்காமல் பக்கத்துத் தோட்டக்காரர் போடுகிற சண்டை. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததிலிருந்து கேரளத்தில் குப்பை விஷயத்தில் அரசு விளையாடுவதில்லை. எல்லையோரத்துக்காரர்களுக்கு இதில் இரண்டு பக்க அடி. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லாரி லாரியாகத் திருப்பி எடுத்துப் போக வைத்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகிற எந்தக் குப்பை வண்டியையும் சோதனைச் சாவடியில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். காய்க்குப்பையில் பாதியாவது குறைந்தால் உங்களுக்குத்தான் நிம்மதி.

தினமும் வாங்கினதைத் தினமும் தின்று தீர்க்க முடியாத நாளும் வரும், ஓணம் முடிந்த வாரம் மாதிரி. பூசணியும் தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணியும் சேனையும் கேட்பாரற்றுக் கிடக்கும். தக்காளி சரிந்த வாரமும் அப்படித்தான். அதற்கு எங்களிடம் வழி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் சும்மா கிடைக்கிறது. பாகற்காய்க் கொண்டாட்டம் (இங்கே வற்றலுக்கு அந்தப் பெயர்), மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், தக்காளித் தொக்கு. காயைச் சும்மா வாங்கி, கொண்டாட்டம் போட்டு நாங்கள் விற்றுச் சம்பாதிப்போமோ என்று சிலருக்குக் கண் உறுத்தலாம். அதற்கும் பேசி வைத்திருக்கிறோம். மழைக்கால இரண்டு மாதத்துக்கு வேலை குறையும்போது வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கத்தான் வற்றல். எப்போதாவது விற்கிற நிலை வந்தால் அந்தக் காய்க்கு மண்டிக்கு ஒரு விலை வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விற்போம்.

விவசாயியைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. கொட்டகைக்கு வருகிற காயில் அவர் விட்டுப் போனது எவ்வளவு என்று பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதுவோம். அவருக்குப் பணம் கொடுக்க எங்களால் முடியாது. ஆனால் எந்த வாரம், எந்தக் காய், எத்தனை பெட்டி நின்றது என்று ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால், வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்கும் ஊராட்சிக்கும் அதைக் காட்டி, குளிர்கிடங்கு வேண்டும் என்றோ ஆதார விலை வேண்டும் என்றோ கேட்க அவருக்கும் உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும். இன்றைக்கு அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. எல்லாம் டிராக்டரோடு போய்விடுகிறது.

நிரந்தரமாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரங்களில் உங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது, அப்போது வேண்டாம். ஓணம் கழிந்து சந்தை பழையபடி ஓடத் தொடங்கியதும் ஒரு மாதம் சோதனையாக நடத்திப் பார்ப்போம். எல்லா மண்டியும் சேர வேண்டும் என்றும் இல்லை. விருப்பமுள்ள நான்கைந்து பேர் போதும். மாதக் கடைசியில் பதிவேட்டைக் கமிட்டியின் முன் வைக்கிறோம். சரிப்படவில்லை என்று தோன்றினால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

கமிட்டிக் கூட்டம் எந்தத் தேதியில் என்று வார்டு மெம்பர் சொன்னால் மூன்று பேர் வருகிறோம். அதற்கு முன்னால் கொட்டகையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். உள்ளே தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா என்று பிளம்பரைக் கூட்டி வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
அயல்கூட்டத்துப் பெண்கள் சார்பில்,
செயலாளர்